மறுமுனை பிடித்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அப்பா இறந்து இன்றோடு 41 நாள் ஆகிறது. காரியத்துக்கு வந்தவர்களைப் பார்த்து வாசலில் நின்று கைகூப்பியதோடு சரி. யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவின் டிரங்குப் பெட்டியில், ஊரையும் கடலையும் அளந்து அவர் எழுதிவைத்த 26 நோட்டுகள் இருந்தன. அவற்றை முழுதாகப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். தேதி, நேரம், இடம், அளவு. கடைசியில் ஒரு கட்டம், அதன் தலைப்பு ‘மறுமுனை’. டேப்பின் ஒரு முனை எப்போதும் அப்பா கையில். மற்ற முனையை அன்று யார் பிடித்தார்களோ அவர்கள் பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. இருபது வருஷத்துப் பெயர்கள். பள்ளிப் பிள்ளைகள், வலை பின்னுகிற பெரியவர்கள், மீன் விற்கிற அக்காமார், ஒரு தபால்காரர். இந்த மடல் அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு. கேட்காமல் பெயரைப் பொதுவில் போடுவது அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் பெயர் எழுதவில்லை. படிக்கும்போது இது தான்தான் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பா கடற்படையில் சர்வே பிரிவில் இருந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. கப்பல்கள் நம்பிப் போகும் கடல் வரைபடத்தில் சின்னச் சின்னதாக எண்கள் இருக்குமே, அந்த இடத்து ஆழம், அந்த எண்களை எடுத்து வருகிற வேலை. அவர் சேர்ந்த காலத்தில் செயற்கைக்கோள் பார்த்து இடம் சொல்லும் கருவி இல்லை. சர்வே படகில் இரண்டு பேர் ஆளுக்கொரு செக்ஸ்டன்டோடு நின்று, கரையில் தெரியும் மூன்று அடையாளங்களுக்கு நடுவே உள்ள இரண்டு கோணங்களை ஒரே நொடியில் அளக்கவேண்டும். அந்த நொடியில் எக்கோ சவுண்டர் காட்டும் ஆழத்தை மூன்றாமவர் குறிக்கவேண்டும். ஒருவர் பிந்தினாலும் அந்த எண் வீண். தனி ஆள் கடலை அளக்க முடியாது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தது இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

அந்த வித்தை அவருக்குப் புதிதாகத் தோன்றவில்லையாம். கட்டுமரத்தில் போன எங்கள் கொள்ளுத்தாத்தா கோயிலையும் ஒற்றைப் பனையையும் ஒரு கோட்டில் வைத்து, வேறு திசையில் இன்னும் இரண்டை ஒரு கோட்டில் வைத்து, மீன் அடையும் பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, தப்பாமல் பிடிப்பார். வெள்ளைக்காரன் ஃபேதம் என்று எழுதிய 6 அடி, நம் ஆட்கள் இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை அளக்கும் ஒரு பாகம்தான். “அவர் கண்ணால் செய்ததை நான் பித்தளைக் கருவியால் செய்தேன்” என்பார் அப்பா.

ஓய்வு பெற்றுத் தரங்கம்பாடிக்குத் திரும்பியதும் தொடங்கியது இந்த நோட்டு வேலை. இந்த ஊரின் வரலாறு என்றால் எல்லோரும் கோட்டையைக் காட்டுவார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620ல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தது, 1706ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது, 1845ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றது. அப்பாவுக்கு அதெல்லாம் மனப்பாடம், வருகிறவர்களுக்கு ஆசையாகவே சொல்வார். ஆனால் அந்தக் கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் வீடு எங்கே இருந்தது, எந்தப் பாருக்கு என்ன பெயர் என்று எழுதிவைக்க ஆள் இல்லையே என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கும் அது நியாயமான உறுத்தல்தான்.

பெரியப்பாக்கள் நான்கு பேர் வலை சிக்கும் இடங்களையெல்லாம் அவருக்குச் சொன்னீர்கள். தொழில் ரகசியம் அது, பங்காளிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். பூம்புகாருக்கு அப்பால் கடலடியில் உடைந்து கிடந்த கப்பலில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்ததை அப்பா படித்துக் காட்டியபோது, வலை கிழிகிற இடத்தில் சரித்திரம் இருக்கலாம் என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்களாம். அது எட்டாம் நோட்டில் இருக்கிறது. அவரைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் டீசலுக்குக் காசு வாங்காமல் விட்ட அண்ணனுக்கும், கடைசி வருஷங்களில் முட்டிவலிக்காரரை அலையில் தூக்கி இறக்கிய தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இனி எழுதுவது எனக்குச் சுலபமில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, அடக்கம் எல்லாம் முடிந்த வாரத்தில், அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று ஒவ்வொரு சுவரிலும் சேற்றுக்கோடு இருந்தது. வெள்ளையடித்துவிட்டால் போய்விடும், அதற்குள் அளக்கவேண்டும் என்றார். ஒரு வீட்டில், “பிள்ளையைக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன், அளக்க வந்தியா?” என்று கேட்டார்கள். அப்பா டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். இருட்டுவதற்கு முன்னால் அந்த அக்காவே எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார்கள். கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, அக்கா. பக்கத்தில் உங்கள் பிள்ளையின் பெயரையும் அப்பா எழுதியிருக்கிறார். நீங்கள் எப்போது கேட்டாலும் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், நகல் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஓர் அலுவலகம் வாங்கிப்போன ஐந்து நோட்டுகள் மழையில் நனைந்து பாளமாகத் திரும்பி வந்தன. அப்பா அன்று சாப்பிடவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் எங்கள் கூடத்தில் ஃபேன் போட்டு, தாளுக்குத் தாள் செய்தித்தாள் செருகி, மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தீர்கள். நல்லவேளையாக அப்பா பென்சிலால்தான் எழுதுவார். பேனாவாக இருந்தால் ஊறிப்போயிருக்கும். ஒரு பக்கம்கூட வீணாகவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த 19 நாளும் இரவு மாற்றி இரவு துணைக்குப் படுத்தவர்கள், ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், தினமும் கஞ்சி அனுப்பிய ராணி வீதி அம்மா, கடலுக்குப் போகாமல் ஒருநாள் முழுதும் கூடவே நின்ற ஊர்ப் பஞ்சாயத்தார் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன். நினைவு தப்புவதற்கு முந்திய இரவு, அப்பா ஏதோ எண்களை முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த தம்பி அதைப் பிதற்றல் என்று விடாமல் மருந்துச் சீட்டின் பின்னால் குறித்துக்கொடுத்தான். நோட்டைப் பார்த்த பிறகு புரிந்தது. அவை கல்லிலிருந்து எடுத்த அளவுகள்.

அந்தக் கல்லைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1306ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதை நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர் சொல்லும் கல்வெட்டு அந்தக் கோயிலில்தான் இருக்கிறது. கரை எவ்வளவு தேய்கிறது என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், எண்ணாகச் சொல்லவேண்டும் என்று அப்பா ஒரு கல்லைக் குறித்துவைத்து, ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் அங்கிருந்து மண் விளிம்புவரை அளந்தார். ஒரு வருஷமும் தவறவில்லை. காய்ச்சலோடு போன வருஷமும் உண்டு.

நோட்டுகளை ஸ்கேன் எடுக்கும் வேலையைப் பள்ளி ஆசிரியர் ஐயா ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கும், அறை ஒதுக்கித் தந்த நூலகத்தாருக்கும் நன்றி. மூல நோட்டுகள் ஊரைவிட்டு வெளியே போகாது. இது அப்பாவின் விருப்பம்.

வரும் காணும் பொங்கலன்று காலை 6 மணிக்கு நான் கல்லடியில் இருப்பேன். டேப் அப்பாவுடையதேதான். முதல் அரை மீட்டர் உப்பில் அரித்து எண் அழிந்துவிட்டது. அதனால் 1 என்று இருக்கும் இடத்தைக் கல்லில் வைத்துப் பிடிக்கவேண்டும், வருகிற அளவில் ஒன்றைக் கழித்து நான் எழுதிக்கொள்வேன். பிடிக்க வருகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அவருடைய மகள்