மருந்து வரிசையில் பேசிய அக்காவுக்கு நன்றி

அக்கா, உங்கள் பேரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. சேலம் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில் என் தம்பிக்குப் பின்னால் நின்றீர்கள்.

அவனுக்கு வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். இருமல் அடங்கி, எடையும் ஏறிவிட்டது. ஆனால் தூக்கம் போச்சு, பேச்சு போச்சு. செத்துடலாம்னு இருக்கு என்றான் ஒருநாள். வீடே ஆடிப்போனது.

நீங்கள்தான் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்: "தம்பி, சைக்ளோசெரின் சாப்பிடுறியா? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு. நீயா மாத்திரைய நிறுத்திடாத." இந்த வகைக் காசநோய்க்குக் கொடுக்கும் அந்த மருந்து சிலருக்கு மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவரும். இதை எல்லா வீட்டிலும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அன்றே டாக்டரிடம் சொன்னோம். மருந்தை மாற்றினார், மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார்.

நோயை ஊருக்கு ஒளிக்கிற வேதனை வேறு. அத்தனை கூட்டத்தில் "எனக்கும் டிபி இருந்துச்சு" என்று நீங்கள் உரக்கச் சொன்னபோதுதான் அவன் நிமிர்ந்தான். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐயும் எழுதிக் கொடுத்தீர்கள். நடுராத்திரியிலும் தமிழில் பேசினார்கள், அக்கா.

தம்பி இப்போது அம்மாபேட்டையில் மறுபடி தறிக்குப் போகிறான். உங்களை ஒருமுறை பார்க்கணும் என்கிறார் அம்மா.