யாருடைய பிள்ளைகள்?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் பிறப்பு விகிதம் குறைவது பற்றிய கட்டுரையில் ஒன்று விட்டுப்போயிற்று. அங்கே மக்கள்தொகைப் பேச்சு வெறும் எண்ணிக்கையோடு நின்றதில்லை. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் குடியேறலாம் என்று வரம்பு வைக்க, 1924 குடியேற்றச் சட்டம் வேண்டுமென்றே 1890 கணக்கெடுப்பை அளவுகோலாக்கியது. இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருந்திரளாக வருவதற்கு முந்தைய கணக்கு அது. ஆசியர்களுக்கு அநேகமாகக் கதவே சாத்தப்பட்டது. 1927இல் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணின் வழக்கில் கட்டாயக் கருத்தடை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். எட்டு நீதிபதிகள் ஆதரவு, ஒரே ஒருவர் மறுப்பு! இன்று 'நிறையப் பிள்ளை பெறுங்கள்' என்னும் டிரம்ப் தரப்பே, தற்காலிக விசாவில் இருப்போரின் பிள்ளைகளுக்குக்கூடப் பிறப்புரிமைக் குடியுரிமை, அதாவது அந்த மண்ணில் பிறந்ததாலேயே கிடைக்கும் குடியுரிமை, கூடாது என்கிறது. ஆள் குறைவதுதான் கவலை என்றால், அந்தப் பிள்ளைகள் ஏன் கணக்கில் வரவில்லை?

- வாசகர், திருச்சி