கோல்கீப்பரின் மூச்சும் ஃபிஃபாவின் பாஸ்போர்ட்டும்

சூரிச்சில் இருக்கும் ஃபிஃபா தலைவருக்கும் கவுன்சில் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

லூட்ஸ் ஃபனென்ஸ்டீல் என்ற பெயரை உங்கள் பழைய பதிவேடுகளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ஸ்வீசெல் என்ற சிற்றூரில் 1973இல் பிறந்த கோல்கீப்பர். இருபது வயதில் மலேசியாவின் பெனாங் அணிக்கு விமானம் ஏறியவர் அப்புறம் எங்கேயும் நிலைகொள்ளவில்லை. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, பின்லாந்து, சிங்கப்பூர், நியூசிலாந்து, கனடா, அல்பேனியா, நார்வே, நமீபியா. மொத்தம் 25 கிளப்புகள். 2008இல் பிரேசிலின் ஹெர்மன் ஐச்சிங்கர் அணிக்கு ஆடியபோது, உங்கள் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறை ஆட்டக்காரராக இறங்கிய முதல் ஆள் ஆனார். கிளப் எண்ணிக்கையில் உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு 2017இல் அவரை முந்திவிட்டார்.

சிங்கப்பூரில் கெய்லாங் யுனைடெட்டுக்கு ஆடிய காலத்தில் ஆட்டத்தை விலைபேசியதாக வழக்கு. 2001இல் ஐந்து மாதத் தண்டனை விதிக்கப்பட்டு 101 நாள் சிறையில் இருந்தார். தான் குற்றமற்றவர் என்றே சொல்லி வருகிறார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நான் எழுதுவது அடுத்த ஆண்டு நடந்ததைப் பற்றி.

2002 டிசம்பர் 26, இங்கிலாந்தின் வடக்கே. பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூவுக்கும் ஹாரோகேட் டவுனுக்கும் ஆட்டம். பந்தை எடுக்க முன்னே பாய்ந்த ஃபனென்ஸ்டீலின் மார்பில், ஓடி வந்த ஃபார்வர்டின் முழங்கால் இறங்கியது. அப்படியே விழுந்தார். மூச்சு நின்றது. அணியின் பிசியோ வாயோடு வாய் வைத்து ஊதி மீட்டார். மறுபடியும் நின்றது. மீட்டார். மூன்று முறை நின்ற மூச்சு, மூன்று முறையும் அந்தப் புல்தரையிலேயே திரும்பி வந்தது. அந்த மனிதர் அன்று ஓரத்தில் இல்லாமல் போயிருந்தால் பிரேசில் ஏது, ஆறு கண்டம் ஏது?

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் கோல்கீப்பராக இருந்தவன். மாவட்ட லீக்கும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டும்தான், அதற்கு மேல் போனதில்லை. ஒரு கார்னரில் எகிறியபோது நெற்றிப்பொட்டில் எதிரணிக்காரன் முழங்கை. எழுந்து நின்றேன், ஆனால் பந்து இரண்டாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு வேறு ஊர் அணிக்கு, கைக்காசுக்காக இறங்கினேன். போன வாரம் என்ன ஆனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் இறக்க மாட்டார்கள்.

ஊருக்கு ஊர் போகும் ஆட்டக்காரனின் நிலை இதுதான். கிளப் மாறுவதற்கான அவனுடைய டிரான்ஸ்ஃபர் சான்றிதழ் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். உடம்பில் பட்டதெல்லாம் பழைய கிளப்பின் அலமாரியிலேயே தங்கிவிடும்.

இதைச் சரிசெய்யும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2022 நவம்பரில், வளர்த்த கிளப்புகளுக்குரிய பங்கைக் கொண்டுசேர்க்கும் கிளியரிங் ஹவுஸைத் தொடங்கினீர்கள். அதோடு மின்னணு வீரர் பாஸ்போர்ட் வந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு பையன் எந்தக் கிளப்பில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தான் என்பது அதில் ஏறுகிறது. அவனை வளர்த்த சிறு கிளப்புகளுக்குச் சேர வேண்டிய பங்கை, டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம்வரை, பிரித்துக் கொடுப்பதற்காக. நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். கிளப்புக்குப் போகும் காசுக்காக ஒருவனின் நாட்களை இவ்வளவு நுணுக்கமாக எண்ண முடிகிறதென்றால், அவன் நினைவிழந்து விழுந்த நாளையும் அதே பாஸ்போர்ட்டில் குறித்துவைக்க முடியும்.

தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று வீரரை இறக்கலாம் என்று 2024இல் ஆட்ட விதியிலேயே சேர்த்தாயிற்று. அது அந்த 90 நிமிடத்தைக் காக்கும். இரண்டு வாரம் கழித்து வேறு நாட்டில் வேறு ஜெர்சியில் இறங்குபவனை யார் காப்பது?

காயக் கணக்கு வெளியே தெரிந்தால் ஒப்பந்தம் கிடைக்காது என்று ஆட்டக்காரர்கள் பயப்படுவார்கள். நியாயமான பயம். அந்தப் பயத்தில் வாய்மூடி இருந்தவன் நான். அதனால் பாஸ்போர்ட்டில் காயங்களைக் குறிக்கும் பக்கத்தின் சாவி ஆட்டக்காரனிடமே இருக்கட்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கிளப் முதலாளியோ மேனேஜரோ ஏஜென்டோ அதைத் திறக்கக் கூடாது. கையெழுத்தான பிறகு பழைய டாக்டரிடமிருந்து புதிய டாக்டருக்குப் போகட்டும், அவர் படித்ததாகப் பதிவு செய்யாமல் அந்த ஆள் களமிறங்கக் கூடாது. அந்தப் பக்கத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கவும் வழியிருக்கக் கூடாது. தலைக்காயம், மூச்சோ இதயமோ நின்ற சம்பவம், நினைவிழப்பு ஆகிய மூன்றோடு தொடங்கினால்கூடப் போதும்.

பெரிய கிளப்புகளில் இதற்கென்று தனித் துறையே உண்டு. எனக்குக் கவலை கீழ் டிவிஷன்களில், ஆறு மாத ஒப்பந்தத்தில், மொழி தெரியாத ஊரில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பற்றித்தான். உங்கள் அடுத்த கவுன்சில் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கோல்கீப்பர்