மார்கழியில்தான் சூரியன் அருகில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை மாதம் பிறந்தால் போதும், வாட்ஸ்அப் வழியாக ஒரு செய்தி எங்கள் மலைக்கு வந்துசேர்ந்துவிடுகிறது. வழக்கமாக 9 கோடி கிலோமீட்டராக இருக்கும் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு 15.2 கோடி கிலோமீட்டராகப் பெருகிவிடும் என்றும், அதனால் ஆகஸ்ட் வரை கடுங்குளிரும் சளியும் காய்ச்சலும் வாட்டும் என்றும் அது எச்சரிக்கிறது. சமவெளியில் இருப்பவர்கள் இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். கொடைக்கானலில் ஜூலையில் உண்மையாகவே குளிர்வதால், இங்குள்ளவர்கள் நம்பிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், கம்பளியைப் போர்த்தியபடியே வாசலில் நின்று, "சூரியன் இன்னும் எத்தனை நாளைக்குத் தள்ளியே நிற்கும் சார்?" என்று என்னிடம் கேட்டார். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அவருக்குச் சொன்ன பதிலையே தங்கள் வாசகர்களுக்கும் எழுத விரும்புகிறேன்.

அந்தச் செய்தியில் 15.2 கோடி என்ற எண் சரியானது. 9 கோடி என்பது தவறு. (9.3 கோடி மைல் என்ற பழைய கணக்கை யாரோ கிலோமீட்டர் என்று எழுதிவிட்டார்கள் போலும்.) பூமி சூரியனை மிக நெருங்கி வரும் ஜனவரி முதல் வாரத்திலேயே இடைவெளி ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் இருக்கும். ஜூலை முதல் வாரத்தில் அது 15.2 கோடியாகிறது. இந்த 50 லட்சம் கிலோமீட்டர் வேறுபாடு மொத்தத் தொலைவில் மூன்று விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம். அதனால் பூமிக்கு வந்துசேரும் வெயில் ஏழு விழுக்காடு அளவுக்கு மாறுகிறது. இது சிறிய அளவு அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருவங்களைத் தீர்மானிப்பது தொலைவாக இருந்தால் உலகம் முழுவதும் ஜனவரியில் கோடையாகவும் ஜூலையில் குளிர்காலமாகவும் இருக்க வேண்டுமே!

இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே சான்று தருகிறது. ஆனி மாதத்துக்கு 31 அல்லது 32 நாட்களும், மார்கழிக்கு 29 அல்லது 30 நாட்களும் வருவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். காரணத்தைக் கேட்பவர்கள் குறைவு. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலமே தமிழ் மாதம் என்பதால், பூமி தொலைவில் இருந்து மெதுவாகச் சுற்றும் ஆனி நீண்டும், அருகில் இருந்து விரைவாகச் சுற்றும் மார்கழி குறுகியும் அமைகின்றன. அதாவது பல் கிட்டித்துப்போகும் மார்கழியில்தான் சூரியன் நமக்கு மிக அருகில் இருக்கிறது.

பருவங்களை உண்டாக்குவது பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதும், சுற்றுப்பாதையில் எங்கிருந்தாலும் அந்தச் சாய்வு விண்ணில் ஒரே திசையை நோக்கி நிற்பதும்தான். ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்வதால் அங்கே வெயில் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது. டிசம்பரில் இது தலைகீழாகிறது. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தேகால் பாகையில் இருக்கும் கொடைக்கானலில் அந்த வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். டிசம்பர் நண்பகலிலும் சூரியன் இங்கே அடிவானிலிருந்து 56 பாகை உயரத்தில் நிற்கிறது.

அப்படியென்றால் ஜூலையில் ஏன் குளிர்கிறது என்பதுதான் பெரியவரின் அடுத்த கேள்வி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மலையடிவாரத்து வத்தலக்குண்டை விட நாங்கள் எப்போதுமே பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சியில்தான் வாழ்கிறோம். ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருகிறது, வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கிறது. சீசன் கூட்டம் மலையேறும் ஏப்ரல், மே மாதங்களே எங்கள் கோடை. அதன்பின் வடக்கே நிலப்பரப்பு சூடேறி, கடலிலிருந்து ஈரக்காற்றை இழுக்கத் தென்மேற்குப் பருவக்காற்று எழுகிறது. வால்பாறை அளவுக்கு இங்கே மழை கொட்டாவிட்டாலும், மேகமும் மூடுபனியும் காற்றும் வெயிலை நாள்கணக்கில் மறைத்துவிடுகின்றன. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் இரண்டாம் முறை உச்சிக்கு வந்தும் அதன் சூடு தெரியாமல் போவதற்கு மேகமே காரணம். பருவக்காற்றை எழுப்புவதும் அதே சாய்வுதான் என்பதால், ஜூலைக் குளிருக்கும் மூலம் அதுவே என்று சொல்லலாம், சற்றுச் சுற்றுவழியாக.

தை மாத உறைபனியின் கதை வேறு. மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் நிலம் தன் சூட்டை விண்ணுக்கு இழந்துவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து தாழ்வான இடங்களில் தேங்குகிறது. அதனால்தான் விடியற்காலையில் மேட்டு வீடுகளைவிட ஏரிக்கரைப் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற முன்னோர், மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21-ஐ விட்டுப் பல வாரம் தள்ளியே குளிரின் உச்சத்தை வைத்திருக்கிறார்கள்.

1901 முதல் சூரியனை ஆராய்ந்துவரும் வானாய்வகம் இருக்கும் ஊர் இது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி நகர்வதை 1909-ஆம் ஆண்டில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் இங்கிருந்துதான். இங்கேயே இந்தப் புரளி கைமாறிக்கொண்டிருப்பதைக் காணச் சங்கடமாக இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நேரான குச்சியின் நிழல் பக்கத்தில் விழாத நிழலில்லா நாள் குறித்த செய்திகளில் பெரும்பாலும் சென்னைக்கான தேதியைத்தான் காண முடிகிறது. கொடைக்கானலுக்கு அது ஏப்ரல் 17, ஆகஸ்ட் 26 ஆகிய நாட்களை ஒட்டி வருகிறது. உதகமண்டலத்துக்கு ஏப்ரலில் மூன்று நான்கு நாள் பிந்தியும் ஆகஸ்டில் அதே அளவு முந்தியும் வருகிறது. இந்தத் தேதிகளையும் தாங்கள் வெளியிட்டால், மலைப்பள்ளிகளின் பிள்ளைகள் ஒரு நேரான குச்சியை நட்டு, தங்கள் ஊர் வெயிலைத் தாங்களே அளந்துகொள்வார்கள். குச்சியின் நிழல் அடியோடு ஒட்டிக்கொள்வது கொடைக்கானலில் சரியாக 12 மணிக்கு அல்ல, 12.20-ஐ ஒட்டி. ஆகஸ்டில் மேகம் விடாது என்பதால் ஏப்ரலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
கொடைக்கானல்.