பிளஸ் ஒன் பெற்றோருக்கு: பிரிவு மாற்றுவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் இடைப்பருவத் தேர்வு விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்ததிலிருந்து என் அறைக்கு வரும் பெற்றோரில் பலர் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறீர்கள். "ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது சார், கணக்கு இல்லாத குரூப்புக்கு மாத்திடலாமா?" என்று சிலர். "எப்படியாவது இதிலேயே இருக்கட்டும் சார், போகப் போக சரியாயிடும்" என்று சிலர். ஒரே பிள்ளைக்கு அம்மா ஒன்றும் அப்பா இன்னொன்றும் சொன்னதும் உண்டு. எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

பயத்தில் வாடும் பிள்ளைக்காக ஒரு பாடத்தை விடுவதில் எந்தக் கேவலமும் கிடையாது. சில பிள்ளைகளுக்கு அதுதான் சரியான முடிவு. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மாற்றினால், பயமும் கூடவே அடுத்த வகுப்புக்கு வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் படித்த ஒரு மாணவியின் கணக்குத் தாள் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கேள்வி எண் அழகாக எழுதியிருக்கும். "தீர்வு" என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கும். அதற்குக் கீழே ஒன்றுமே இருக்காது. அதே கணக்கை மறுநாள் கரும்பலகையில், ஆசிரியர் மட்டும் பக்கத்தில் இருக்கும்போது, தடங்கல் இல்லாமல் போடுவாள். திங்கட்கிழமை என்றால் வயிற்றுவலி. மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பும். விடியற்காலை முதல் பஸ் பிடித்து வேலூருக்கு வந்து டியூஷன் முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். உட்கார வைத்துக் கேட்டபோது, கணக்கு கஷ்டம் என்று அவள் சொல்லவில்லை. "மார்க் என்னன்னு அப்பா கேட்டா இன்னா சொல்றதுன்னுதான் சார் தோணும்" என்றாள். முதலில் டியூஷனை நிறுத்தச் சொன்னோம். வயிற்றுவலி குறைந்தது. ஆனாலும் கணக்கு வகுப்பில் கை நடுக்கம் நிற்கவில்லை. அதன் பிறகுதான் அப்பாவையும் அவளையும் சேர்த்து வைத்துப் பேசி உயிரியல் பிரிவுக்கு மாற்றினோம். இன்னொரு பையனுக்கு டியூஷனை நிறுத்தியதே போதுமானதாக இருந்தது. அவன் கணக்குப் பிரிவிலேயே படித்து முடித்தான்.

அதனால்தான் கேட்கிறேன்: முதலில் பாடத்தைச் சுற்றி இருக்கும் சுமையைக் குறைத்துப் பாருங்கள். டியூஷன், விடியற்காலைப் பயணம், ஒவ்வொரு டெஸ்டுக்கும் மார்க் விசாரணை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது. வகுப்பில் யாராவது கிண்டல் செய்கிறார்களா என்றும் கேளுங்கள். வீட்டில் சொல்லத் தயங்கினால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ சொல்லட்டும். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளை தெளிந்தால் பாடம் இருக்கட்டும். தெளியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுவோம். பிளஸ் டூ வந்த பிறகு பிரிவு மாற்ற வழியில்லை, இரண்டு வருடமும் ஒரே பிரிவுதான். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்று 2025இல் அரசு அறிவித்துவிட்டதால் இந்த வருடம் எப்படியோ ஓடிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

மாற்றினால் எது போகும், எது இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. அதற்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் 100 கணிதத்துக்கே. பி.ஆர்க். கிடையாது. பி.சி.ஏ.வுக்கும் பல கல்லூரிகளில் கணிதம் கேட்பார்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்தவருக்கு மருத்துவம் (நீட் எழுதி), நர்சிங், பிசியோதெரபி, பி.ஃபார்ம்., விவசாயம், கால்நடை மருத்துவம் எல்லாம் திறந்தே இருக்கின்றன. சட்டம், பி.ஏ., பி.காம். போன்றவற்றுக்கும் தடையில்லை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் வரும் கணக்கு பத்தாம் வகுப்பு அளவில்தான் இருக்கும், அதை உங்கள் பிள்ளை ஏற்கெனவே படித்துத் தேறிவிட்டது. வணிகவியலுக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில பிரிவுகளில் வணிகக் கணிதம் இருக்கும். எந்தப் பிரிவில் அதற்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடு பாடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

காட்பாடியில் பெரிய பொறியியல் பல்கலைக்கழகம் கண்ணெதிரே இருக்கிறது. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் அம்மாவுக்கு, என் பிள்ளை இஞ்சினியர் என்று சொல்லிக்கொள்ள ஆசை இருக்காதா? அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அதைச் சுமந்துகொண்டு பரீட்சை ஹாலில் உட்காரப் போவது பதினாறு வயதுப் பிள்ளை.

பத்தாம் வகுப்புப் பெற்றோரும் இதையே கேட்கிறீர்கள். அங்கே ஐந்து பாடமும் எழுதியாக வேண்டும், எதையும் விட முடியாது. பிள்ளைக்கு எழுத்தை வாசிப்பதிலேயே நீண்ட நாளாகச் சிரமம் இருந்தால் அது பயமாக இல்லாமல் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். மருத்துவச் சான்று இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சீக்கிரம் வந்து பாருங்கள்.

இன்னொன்று. சாப்பாடும் தூக்கமும் பல நாளாகக் கெட்டுப்போனாலோ, பரீட்சை அன்று காலை வாந்தி எடுத்தாலோ, பிரிவு மாற்றம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். "நான் இல்லாம இருந்தாலே நல்லாயிருக்கும்" என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள், அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பாகாயம் என்றாலே முகம் மாறுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அங்கே உள்ள சி.எம்.சி. மனநல மையம், குடும்பத்தினரையும் உடன் வைத்தே சிகிச்சை தருவதற்குப் பேர் போனது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

முடிவாகும் வரை கல்யாண வீட்டிலும் தெருவிலும் "குரூப் மாத்தப் போறோம்" என்று சொல்லிவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வி போதும், அந்தப் பிள்ளை மறுபடி வாயைத் திறக்காது.

கம்பெனி ஷிஃப்ட் காரணமாக வாரநாளில் வர முடியாதவர்கள் சனிக்கிழமை காலையில் வரலாம், நான் பள்ளியில் இருப்பேன். அம்மா அப்பா இருவரும் வர முடியாவிட்டால் ஒருவர் வந்தாலும் சரி. பிள்ளையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்