டேப் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் நடைப்பயிற்சிக் கட்டுரை படித்தேன். தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டுமாம். அந்த எண்ணை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், அது அப்படியே உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. சரி, அது போகட்டும். என் குறை வேறு. கட்டுரை முழுக்கப் பூங்காவும் ஷூவும்தான். பஸ்ஸுக்கும் ரேஷன் கடைக்கும் வீட்டு வேலைக்கும் நடந்தே போகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த நடைக்குத்தான் பலன் அதிகம் என்றுகூடச் சொல்வேன். லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படி ஏறவில்லையே, அது பிழைப்பு.

போன மாதம் மேல்வீட்டுக் கல்லூரிப் பெண்ணும் நானும் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை அளந்துகொண்டே போனோம். எழுநூறு மீட்டர்தான், அதற்குள் பதினான்கு முறை நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது. நடக்க 1.8 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதி. ஓரிடத்தில் மரத்துக்கும் மின்பெட்டிக்கும் நடுவே எங்களுக்குக் கிடைத்தது 55 சென்டிமீட்டர். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது, ஆனால் எங்கள் தெரு முனையில் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது. முழங்கால் வலிக்காரியான என் மனைவி ஏன் எப்போதும் ரோட்டிலேயே நடக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பது வருஷம் கூடவே வாழ்ந்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருந்தது.

இரவு ஏழு மணிக்கு மறுபடி போனோம். பதினான்கு, பத்தொன்பது ஆகிவிட்டது. தள்ளுவண்டிகளையும் தடை என்று நான் எழுதப்போனேன், அந்தப் பெண் தடுத்துவிட்டாள். "அங்கிள், அந்த சுண்டல் வண்டி லைட் இல்லேன்னா நான் இந்த வழியா வரவே மாட்டேன்." அதனால் நோட்டில் வெளிச்சத்துக்கென்று இன்னொரு பத்தி போட்டோம். இன்ஜினியர் கையில் இருக்கும் படிவத்தில் இது வராது.

2014இலேயே சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதத்தையாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிடுவது என்று கொள்கை வகுத்தது. நல்ல கொள்கை. பாண்டி பஜார் அகல நடைபாதை நன்றாகத்தான் இருக்கிறது (காரில் வந்து இறங்கி நடப்பவர்களையும் பார்க்கிறேன்!). ஆனால் அடுத்து எந்தத் தெருவுக்குச் செலவிடலாம் என்று கேட்டால், அங்கே தினம் நடக்கிறவர்கள் அளந்து வைத்த கணக்கு கையில் இருக்க வேண்டாமா?

உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 2018 மே மாதம் இருபதாயிரம் வீட்டுக்காரர்கள் தெருப்பக்க ஜன்னலில் சின்னக் குழாய்களைத் தொங்கவிட்டு, வண்டிப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடை அளந்தார்கள். அதை நடத்தியவர்கள் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகம், அரசின் சுற்றுச்சூழல் துறை, மூன்றாவதாக 'டி ஸ்டாண்டார்ட்' என்ற நாளிதழ். ஆமாம், உங்களைப்போல ஒரு பத்திரிகை. இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்கும் குறுகிய தெருக்களில் புகை தேங்குகிறது என்பதை ஜனங்கள் தங்கள் வாசலிலேயே அளந்த எண்ணாகப் பார்த்தார்கள்.

நமக்குக் குழாய்கூட வேண்டாம், டேப் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். செயலி வைத்து அடி எண்ணச் சொன்னால் வசதியானவர்கள் இருக்கும் அண்ணா நகரும் அடையாறும்தான் கணக்கில் நிரம்பும். விடியற்காலை பூக்கூடையோடு நடக்கிற அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருக்காது, இருந்தாலும் வீட்டில் பிள்ளையிடம் இருக்கும். அவரோடு யாராவது நோட்டு எடுத்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் செய்வார்கள், எங்கள் வீட்டு மாடியிலேயே ஒருத்தி தயாராக இருக்கிறாள்.

ஒரு பக்கப் படிவம் அச்சடியுங்கள்: அகலம், உயரம், எத்தனை முறை இறங்கினோம், நிழல், வெளிச்சம், எத்தனை மணிக்கு. நிரப்பி அனுப்ப வாசகர்கள் இருக்கிறோம். எங்கள் நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை