உத்தரன் அடிப்பது தம்பட்டம் இல்லை

அன்புள்ள கண்ணம்மா,

நாடகத்தின் முதல் காட்சியைப் படித்தேன். மகாபாரதத்தில் விராட மன்னனின் மகனான உத்தரகுமாரனை நீ எடுத்துக்கொண்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் தோழி அவனைப் பார்த்து, "இளவரசர் தம்பட்டம் அடிக்கிறார்" என்கிறாளே, அந்தச் சொல்லை மாற்றிவிடு.

தம்பட்டம் ஊருக்குச் சேதி சொல்ல அடித்த பறை. தன் காரியத்தைத் தானே ஊரறியச் சொல்கிறவன் தம்பட்டம் அடிக்கிறான். அவனிடம் சரக்கு இருக்கலாம். அதை அவனே சொல்வதுதான் குறை. உத்தரனோ இன்னும் அரண்மனையை விட்டே கிளம்பவில்லை. நல்ல தேரோட்டி மட்டும் கிடைத்தால் கௌரவர்களை விரட்டிப் பசுக்களை மீட்பேன் என்று அந்தப்புரத்துப் பெண்களிடம் பேசுகிறான். இதற்குச் சொல் சவடால். வாய்ச்சவடால் என்றால் இன்னும் பொருந்தும். அவன் வசனத்தில் அந்த 'மட்டும்' கட்டாயம் இருக்கட்டும், நீ விட்டிருக்கிறாய். தப்பிக்க ஒரு சந்து வைத்துக்கொண்டு பேசுவதுதான் சவடால்.

வஞ்சினம், அதாவது போருக்கு முன் வீரன் சொல்லும் சபதம், அப்படியில்லை. புறநானூறு 72-ஐ எடுத்துப் பார். பகைவரை வெல்லாவிட்டால் குடிகள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான் பாண்டியன் நெடுஞ்செழியன். தோற்றால் எதை இழப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். உத்தரன் பேச்சில் இழப்பு எங்கேயும் வராது.

பீலா, ரீல் இரண்டும் நடக்காததை நடந்ததாகச் சொல்வதற்கு. பந்தாவுக்கு வாய் திறக்கவே வேண்டாம், நடையும் உடையும் போதும். இவை இக்காலப் பேச்சு. விராட நகரத்தில் வைத்தால் ஒட்டாது. ஜம்பம் வேண்டுமானால், "உன் ஜம்பம் இங்கே பலிக்காது" என்று எதிர்மறையில் வை, அப்போதுதான் அதற்குச் சூடு.

பீற்றிக்கொள்வதை உத்தரனுக்குச் செலவழிக்காதே. வீடு, நகை, பிள்ளை என்று தனக்கு உரியதைச் சொல்லி மகிழும்போது நாம் அதிகம் சொல்வது அது. திட்டும்போது 'பீத்தாதே' போதும். நடந்ததைச் சொல்லும்போது 'பீத்திக்கிட்டான்' என்று அந்தக் 'கொள்' சேர்ந்தால்தான் காதுக்கு இதம். அந்தச் சொல் விராடனுக்கு உரியது. என் மகன் கௌரவர்களையே வென்றான் என்று சூதாட்டப் பலகை முன்னால் பீற்றிக்கொள்கிறவன் அவன்தான். உத்தரனுக்குத் தேரோட்டியது பிருகந்நளையாக வேடமிட்ட அர்ஜுனன், விராடனோடு சூதாடுவது கங்கனாக வேடமிட்ட தருமன். பிருகந்நளை துணையிருந்தால் வெற்றிக்கு என்ன குறை என்று கங்கன் சொன்னதும், விராடன் காயை முகத்தில் எறிகிறான், ரத்தம் வருகிறது. தகப்பன் பெருமை எவ்வளவு கண்மூடித்தனமானது என்று இந்தக் காட்சி காட்டும். இதை நீ வெட்டக் கூடாது.

கௌரவர் படையைக் கண்டு உத்தரன் ஓடும் காட்சியில் வெறும் அலறல் போதாது. தேரிலிருந்து குதித்து ஓடுகிறவனை நூறு அடிக்குள் பிருகந்நளை தலைமுடியைப் பிடித்து நிறுத்துகிறாள். அப்போதும் அவன், நூறு பொற்காசு, எட்டு வைடூரியம், ஒரு தேர், பத்து மதயானை தருகிறேன், விட்டுவிடு என்று கணக்குச் சொல்கிறான். அந்தப் பட்டியலை ஒன்றுவிடாமல் வை. அதே வாய் கடைசியில் சபையில் தகப்பனிடம், "பசுக்களை மீட்டது நானில்லை, ஒரு தேவகுமாரன்" என்கிறது. அந்த இடத்தில் நீ எழுதியிருக்கும் ஆறு வரி வேண்டாம், ஒரே வரி போதும். சொல்லிவிட்டு அவன் கங்கன் பக்கம் திரும்பட்டும்.

இரண்டாம் காட்சியையும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா